காசிமேட்டு ஃபைபர் பட்டறையில என் லேசர் போட்டை சர்வீஸ் விட்டேன், ஒரு வருஷம் கழிச்சு எழுதற ரிவியூ

மொதல்லயே சொல்லிடறேன், இந்த பட்டறைக்கு போர்டு கிடையாது, மேப்ல பின்னும் கிடையாது, பில் புக்கும் கிடையாது. காசிமேடு மீன்பிடி துறைமுகம் பக்கம் ஃபைபர் வேலை பண்றவங்க நெறைய பேர் இருக்காங்க, அதுல ஒரு மேஸ்திரி. பேரு போட வேணாம்னு அவரே கேட்டுக்கிட்டாரு. ஆனா பாய்மர போட் வெச்சிருக்கற நம்மள மாதிரி கொஞ்ச பேருக்கு சென்னையில மெயின்டனன்ஸ்னா எங்க போறதுன்னே தெரியாது, நானும் அப்படித்தான் முழிச்சேன், அதான் நல்லது கெட்டது ரெண்டையும் எழுதறேன்.

என்கிட்ட இருக்கறது ஒரு பழைய லேசர், இப்ப ஐஎல்சிஏன்னு பேரு மாத்திட்டாங்க. ஒத்த ஆள் ஓட்டற சின்ன போட், நீளம் 4.23 மீட்டர், ஹல், அதாவது போட்டோட உடம்பு மட்டும் சுமார் 59 கிலோ. நான் கட்டறது ரேடியல் பாய், 5.76 சதுர மீட்டர், நம்ம நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் போனாங்களே அதே கிளாஸ்தான். செகண்ட் ஹேண்ட்ல வாங்கி அஞ்சு வருஷம் ஆச்சு. சனி ஞாயிறு ஹார்பருக்குள்ள ஓட்டறது, அவ்ளோதான், ரேஸெல்லாம் எப்பவாச்சும். இந்த ஹார்பர்ல பாய்மரம் ஓடறது ஒண்ணும் புதுசு இல்ல, போர்ட் டிரஸ்ட் சேர்மனா இருந்த சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-லயே ராயல் மெட்ராஸ் யாட் கிளப்ப ஆரம்பிச்சாரு. அங்க ஒரு பெரியவர் சொல்லுவாரு, 2011 வரைக்கும் ஹார்பர்ல நிலக்கரி எறங்கிட்டு இருந்தப்ப காலையில வந்து பாத்தா டெக்கெல்லாம் கறுப்பா பூத்திருக்குமாம், வெள்ளைப் பாய் சாம்பல் கலர் ஆயிடுமாம். கோர்ட் உத்தரவுக்கு அப்புறம் நிலக்கரி எண்ணூர் பக்கம் போனதும் அந்த தொல்லை விட்டுச்சு. உப்பு மட்டும் எங்கயும் போகல.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப என் போட் மேல இருந்த கவர் கிழிஞ்சு போய், ரெண்டு நாள் மழையும் மணலும் குப்பையுமா காக்பிட் நெறைஞ்சு கெடந்துச்சு. புயல் முடிஞ்சு போய் பாத்தப்ப அழுகையே வந்துடுச்சு, ஹல்லுல அணியத்து பக்கம், அதாவது முன்பக்கம், நாலு இடத்துல மயிர்க்கோடு மாதிரி விரிசல், ஃபைபர் மேல இருக்கற பளபளப்பு பூச்சு, ஜெல்கோட்னு சொல்லுவாங்க, அது முழுக்க சுண்ணாம்பு பூசுன மாதிரி வெளிறிப் போய், கைய வெச்சா வெள்ளையா ஒட்டுது. அப்ப நான் பண்ண தப்பு என்னன்னா காருக்கு பாலிஷ் போடற ஒரு கடையில குடுத்தேன், ஃபைபர்தான மேடம் எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னாங்க. மெஷின வெச்சு ஒரே நாள்ல கண்ணாடி மாதிரி ஆக்கிக் குடுத்தாங்க, 6,000 ரூபா. ரெண்டு மாசத்துல மறுபடியும் வெளிறிடுச்சு, அதுமட்டும் இல்லாம ஓரத்துல எல்லாம் மெஷின் சூட்டுல ஜெல்கோட் தேஞ்சு உள்ள இருக்கற ஃபைபர் நூல் கோடு கோடா தெரிய ஆரம்பிச்சிடுச்சு. ஜெல்கோட்டோட கனமே அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் அதுல கொஞ்சம் போகுது, அது அப்ப எனக்கு தெரியல, அந்தக் கடைக்காரங்களுக்கும் தெரியல.

அதுக்கப்புறம்தான் ஒரு மீனவ அண்ணன் மூலமா இந்த மேஸ்திரி நம்பர் கெடச்சுது. கொண்டு போறதே ஒரு வேலை. குட்டி யானையில ஏத்துனா பாதி போட் வெளிய நீட்டும், அதனால கொஞ்சம் பெரிய பிக்கப் புடிச்சு, பழைய மெத்தைய விரிச்சு, போட்டை கவுத்துப் போட்டு, பின்னாடி செவப்புத் துணி கட்டி, நானும் தம்பியும் கூடவே உக்காந்து போனோம். ஒரு விஷயம் இங்கயே சொல்லிடறேன், லேசர நிமித்தி வெச்சா அடிவயித்துல ஒரே இடத்துல பாரம் எறங்கக்கூடாது, அந்த எடம் மெத்துன்னு ஆயிடும். ஓரம் தாங்கணும், இல்ல கவுத்துப் போடணும்.

மேஸ்திரிக்கு அறுபது வயசு பக்கம் இருக்கும். அவங்க அப்பா மரப்படகுக்கு கலப்பத்து போடறவராம், பலகை இடுக்குல பஞ்ச திணிச்சு குங்கிலியம் காய்ச்சி அடைக்கறது. சுனாமிக்கு அப்புறம் கரை முழுக்க ஃபைபர் போட்டா வந்ததும் இவரு ரெசின் வேலைக்கு வந்துட்டாரு. லேசர் மாதிரி போட் அவரு அதுவரைக்கும் தொட்டதே இல்ல. அதை மறைக்காம சொன்னாரு, "இந்த மாரி நான் பண்ணதில்லம்மா, ஆனா ஃபைபர் ஃபைபர்தான், நான் சொல்றத நீ கேளு, நீ சொல்றத நான் கேக்கறேன்." அந்த ஒரு வார்த்தைக்காகவே குடுத்துட்டேன்.

குடுக்கறதுக்கு முன்னாடி நாள் போட்டை நல்லா கழுவிதான் எடுத்துட்டு போனேன், ஹோஸ் போட்டு அரை மணி நேரம். அவரு ஆள்காட்டி விரல டெக் மேல மெயின்ஷீட் பிளாக், அதாவது பாய இழுக்கற கயிறு ஓடற உருளை, அது ஓரமா வெச்சு ஒரு இழுப்பு இழுத்து நாக்குல வெச்சாரு. "கய்வுனேன்னு சொல்ற, உப்பு அப்படியே கீதே. எதுல கய்வுன?" அபார்ட்மெண்ட்ல போர் தண்ணியிலண்ணான்னு சொன்னேன். நான் இருக்கறது திருவொற்றியூர் பக்கம், கடல்ல இருந்து நடந்து போற தூரம். அவரு சிரிக்கல, திட்டல, "உப்ப உப்பால கய்வுனா எப்டி போவும்? நல்ல தண்ணில கய்வு"ன்னாரு. நானும் நாக்குல வெச்சுப் பாத்தேன், கரிச்சுது.

வாங்குனதுல இருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஒழுங்கா கழுவிட்டுதான் இருக்கேன்னு நெனச்சுட்டு இருந்தவ நான். வீட்டுக்கு வந்து தண்ணியில கரைஞ்சிருக்கற உப்ப அளக்கற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு ஆர்டர் பண்ணி பாத்தா எங்க போர் தண்ணி லிட்டருக்கு 2,400 மில்லிகிராமுக்கு மேல காட்டுது, மெட்ரோ வாட்டர் 300 சொச்சம். கடல் தண்ணி லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு, அதோட பாத்தா போர் தண்ணி எவ்வளவோ தேவலதான், ஆனா அது காஞ்சதும் மிச்சம் இருக்கற உப்பு அங்கயே பொடியா தங்கிடுது, ராத்திரி ஈரக்காத்துல அந்தப் பொடி தண்ணிய உறிஞ்சி நசநசன்னு ஆகுது, மறுநாள் வெயில்ல மறுபடி காயுது, இப்படியே ஷேக்கிள், ஸ்பிரிங், ரிவெட், பாய் தையல் நூல் எல்லாத்தையும் அரிச்சுட்டே இருக்கு. சென்னையில கடலோரமா இருக்கற எல்லாரும் இத ஒரு தடவை செக் பண்ணுங்க, தயவுசெஞ்சு.

சரி, வேலைக்கு வரேன். மொதல் நாள் அவரு ஜெல்கோட் பக்கமே போகல. பாய்மரம் சொருகற குழி இருக்குல்ல, மாஸ்ட் ஸ்டெப், அதுல நல்ல தண்ணிய வாய் வரைக்கும் ஊத்துனாரு, பென்சில்ல ஒரு கோடு போட்டாரு, டீ குடிக்க கூட்டிட்டு போயிட்டாரு. இருவது நிமிஷம் கழிச்சு வந்து பாத்தா தண்ணி ஒரு விரக்கடை எறங்கியிருக்கு. அப்படின்னா குழியோட அடியில எங்கயோ விரிசல், தண்ணி ஹல்லுக்குள்ள போகுது. லேசர்ல பாய்மரம் சுத்திட்டே இருக்கும், புயல்ல விழுந்த மணல் அந்தக் குழியில தங்கி, நான் அதுக்கப்புறம் ஓட்டுன ஒவ்வொரு நாளும் உப்புத்தாள் வெச்சு தேய்ச்ச மாதிரி அடிய அரைச்சிருக்கு. இத கவனிக்காம விட்டிருந்தா ஒரு நல்ல காத்து நாள்ல மாஸ்ட் டெக்கையே பிச்சுட்டு வந்திருக்கும், கார் பாலிஷ் கடையில இதெல்லாம் யாரும் எட்டிக்கூட பாக்கல. இந்த ஒரு டெஸ்டுக்கே அவருக்கு குடுத்த காசு சரியா போச்சு.

அப்புறம் மீன் எடை போடற தராசுல தொங்க விட்டு எடை பாத்தோம், 66 கிலோ! ஏழு கிலோ கூட, உள்ள தண்ணி ஒளிஞ்சிருக்கு. குழி பக்கத்துல டெக்குல ஒரு வட்டமா அறுத்து இன்ஸ்பெக்ஷன் மூடி வெச்சாரு, மூடிய நான் ஆன்லைன்ல வாங்கிக் குடுத்தேன். அது வழியா ஒரு டேபிள் ஃபேன விட்டு பத்து நாள் காய வெச்சாரு. காஞ்சப்புறம் 61. அதுக்கப்புறம் உள்ள கைய விட்டு குழிய சுத்தி ஃபைபர் மேட் வெச்சு ரெசின் போட்டாரு, மூணு லேயர், கண்ணுக்கு தெரியாத எடம், முழுக்க கை தடவல்லயே பண்ணாரு, பாத்துட்டே இருந்தேன், விரல் நுனியில காத்துக்குமிழ் ஒண்ணொண்ணா நசுக்கி வெளிய தள்றாரு.

ஓட்டை வேற எங்கயாச்சும் இருக்கான்னு பாக்க இன்னொரு டெஸ்ட். டெக்கும் ஹல்லும் சேர்ற ஓரம் முழுக்க பாத்திரம் கழுவற லிக்விட நுரையாக்கி பிரஷ்ல தடவுனாரு, பின்னாடி தண்ணி வடியற டிரெய்ன் ஓட்டையில ஒரு டியூப சொருகி வாயால ஊதுனாரு. கம்ப்ரசர் இருக்கேண்ணான்னு கேட்டேன், அது வேணாம், அந்த காத்து போனா ஒட்டுன எடமே தெறிச்சிடும், வாய்க்காத்து போதும்னாரு. வலது பக்க ஓரத்துல ஒரு எடத்துல மட்டும் சின்ன சின்ன குமிழ் வந்துட்டே இருந்துச்சு. அங்க மார்க் பண்ணி அடைச்சாரு.

ஜெல்கோட் விரிசல் வேலை பத்தி சுருக்கமா சொல்றேன். விரிசல் மேல சும்மா பூசல, வி மாதிரி கீறி விட்டு, அசிட்டோன் போட்டு தொடச்சு, ஜெல்கோட் ஊத்தி, மேல பிளாஸ்டிக் ஷீட்ட ஒட்டிட்டாரு, காத்து பட்டா மேல்பக்கம் பிசுபிசுன்னே இருக்கும், இறுகாது. வெயில் ஏறுனா ரெசின் கிண்ணத்துலயே கட்டியாயிடும்னு காலையில ஏழு மணிக்கே கலந்துடுவாரு, ரெசின இறுக வெக்கற கேட்டலிஸ்டையும் கம்மி பண்ணிப்பாரு. ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், நீங்களே வீட்ல பண்றேன்னு எறங்குனீங்கன்னா கேட்டலிஸ்டையும் கோபால்ட் ஆக்சலரேட்டரையும் நேரா ஒண்ணோட ஒண்ணு கலந்துடாதீங்க, தீ புடிக்கும், வெடிக்கும். ரெசின்ல ஒண்ண கலக்கி முடிச்சப்புறம்தான் இன்னொண்ணு. அவரு ரெண்டு டப்பாவையும் ஒரே அலமாரியில கூட வெக்க மாட்டாரு.

பாலிஷ் முழுக்க கையாலதான். வாட்டர் பேப்பர் 1000, 1500, 2000, அப்புறம் காம்பவுண்ட், கடைசியா மெழுகு. கார் கடையில தேய்ஞ்ச ஓரத்துல மட்டும் புதுசா ஜெல்கோட் பூசுனாரு. அந்த கண்ணாடி பளபளப்பு இல்ல, ஆனா ஒரு வருஷம் ஆச்சு, இன்னிக்கும் தண்ணி ஊத்துனா முத்து முத்தா உருளுது.

இப்ப குறை. ஒரு வாரம்னு சொல்லிட்டு 23 நாள் ஆச்சு. பத்து நாள் காய வெச்சது நியாயம், அத நான் குறை சொல்ல மாட்டேன், ஆனா நடுவுல மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு பெரிய போட்டெல்லாம் கடலுக்கு எறங்கற நேரம், அவங்க வேலைய முடிச்சுட்டுதான் என்னுத தொட்டாரு. ஜூன் பாதியில யாரும் அங்க கொண்டு போகாதீங்க. ரெண்டாவது, வெள்ளை கலர் மேட்ச் ஆகல, புதுசா பூசுன எடம் கொஞ்சம் நீலம் பாரிச்ச மாதிரி தெரியுது. எனக்கு பரவால்ல, போட்டை விக்கற எண்ணம் இருக்கறவங்களுக்கு உறுத்தும்.

மூணாவதுதான் பெருசு. பூம்ல, அதாவது பாயோட அடிப்பக்கத்த புடிச்சிருக்கற அலுமினியக் கம்பியில, ஒரு ஃபிட்டிங் ஆடிட்டு இருந்துச்சு, அவரு நல்லெண்ணத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவெட் போட்டு இறுக்கிக் குடுத்துட்டாரு. மூணு மாசத்துல அந்த ரிவெட்ட சுத்தி வெள்ளையா பொடி. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் உப்புத்தண்ணியில நேரா ஒட்டிட்டு இருந்தா பேட்டரி மாதிரி வேலை செஞ்சு அலுமினியம்தான் கரையும், நடுவுல அதுக்குன்னு இருக்கற பேஸ்ட் தடவணும். அவரு பாக்கற போட்ல எல்லாம் அலுமினிய மரமே கிடையாது, அதனால அவருக்கு பழக்கம் இல்ல. நான் பக்கத்துலயே நின்னிருந்தும் கேக்காம விட்டுட்டேன். திரும்ப எடுத்துட்டு போய் காட்டுனப்ப மறுப்பு சொல்லாம எல்லாத்தையும் டிரில் பண்ணி எடுத்து, நான் வாங்கிட்டு போன பேஸ்ட தடவி மறுபடி அடிச்சுக் குடுத்தாரு, காசு வாங்கல. ஆனா பூம்ல அந்த எடம் கொஞ்சம் அரிச்சுதான் போச்சு. அதனால ஹல் வேலைக்கு கண்ண மூடிட்டு போங்க, மாஸ்ட், பூம், பிளாக் வேலையெல்லாம் பாய்மர போட் தெரிஞ்சவங்ககிட்ட பண்ணுங்க, இல்ல நீங்களே பண்ணுங்க.

மொத்தம் குடுத்தது 17,500, மெட்டீரியலோட சேத்து. பிக்கப் வாடகை போக வர தனி. கார் பாலிஷ் கடைக்கு குடுத்த 6,000-ஐ நெனச்சா இன்னும் வயித்தெரிச்சலா இருக்கு.

போட் திரும்ப வந்ததுல இருந்து என் ஞாயித்துக்கிழமை மாறிடுச்சு. பூச்சி மருந்து அடிக்கற அஞ்சு லிட்டர் ஹேண்ட் பம்ப் ஸ்ப்ரேயர் ஒண்ணு புதுசா வாங்கி போட்டுக்குன்னே வெச்சிருக்கேன், பழசு எடுத்தா மருந்து வாசம் போகாது. ரெண்டு கேன் மெட்ரோ வாட்டர், அதாவது நாப்பது லிட்டர், அதுலயே முழு போட்டும் முடிஞ்சிடுது, ஹோஸ்ல ஊத்துனப்ப இதவிட எத்தனையோ மடங்கு வீணாச்சு. மொதல்ல பிளாக், ஒவ்வொரு உருளைக்குள்ளயும் அடிச்சு கையால சுத்தி விடணும், உள்ள இருந்து மணல் வர்றது நின்னு சுத்தற சத்தம் மெதுவாகற வரைக்கும். அதுக்கு எண்ணெய், கிரீஸ் எதுவும் போடாதீங்க, அது மணல புடிச்சு வெச்சுக்கும், வேணும்னா காஞ்சதும் டிரை லூப்ரிகண்ட் ஒரு சொட்டு. அடுத்து மாஸ்ட் குழி, தண்ணி விட்டு கலக்கி பழைய துணியால ஒத்தி எடுத்தா துணியில மணல் ஒட்டிட்டு வரும், ஒரு மணல் துகள் கூட மிச்சம் இருக்கக்கூடாது. சுக்கான் பின், டாகர்போர்டு (நடுவுல தண்ணிக்குள்ள எறக்கற பலகை) பெட்டி, டிரெய்ன் மூடியோட ரப்பர். கடைசியா டெக்.

பாய வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுவேன். மொட்டை மாடியில நெழல் பக்கமா விரிச்சு நல்ல தண்ணிய தெளிச்சு, காத்துல படபடன்னு அடிக்க விடாம காய வெச்சு, மடிக்காம கோரைப்பாய் சுருட்டற மாதிரி சுருட்டி வெக்கறேன். மடிச்ச கோட்டுலதான் துணி மொதல்ல விட்டுப்போகும். ரிவெட் பக்கத்துல வர்ற துருக்கறைக்கு எலுமிச்சம்பழச் சாறு தடவி பத்து நிமிஷம் விட்டு கழுவுனா சின்னக் கறை போயிடுது. பெரிய கறைக்கு ஆக்சாலிக் ஆசிட் இருக்கு, கிளவுஸ் போட்டுட்டு பண்ணணும், நான் இதுவரைக்கும் ஒரே ஒரு தடவைதான் போட்டேன்.

மாசத்துக்கு ஒருக்கா இன்ஸ்பெக்ஷன் மூடிய தொறந்து வெச்சு உள்ள டார்ச் அடிச்சு பாக்கறேன், போன வாரம் வரைக்கும் காஞ்சு கெடக்கு. மாஸ்ட் ஸ்டெப் தண்ணி டெஸ்டும் மூணு மாசத்துக்கு ஒருக்கா, தண்ணி பென்சில் கோட்டுலயே நிக்குது.

மேஸ்திரிகிட்ட போறதா இருந்தா ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரைக்கும் போங்க. ஐப்பசி கார்த்திகை மழையில ரெசின் வேலையே எடுக்க மாட்டாரு, ஈரத்துல ஒட்டாதுன்னு சொல்லிடுவாரு, கெஞ்சுனாலும் அசைய மாட்டாரு. அட்வான்ஸ் பாதி, ஜிபே உண்டு. காலையில ஏழுலேந்து பதினொண்ணுக்குள்ள போனா கூடவே நின்னு பாக்கலாம், கேள்வி கேட்டா கோவப்படாம சொல்லிக் குடுப்பாரு. அப்புறம் பட்டறை பக்கம் தண்ணி கஷ்டம், மாஸ்ட் குழி டெஸ்டுக்கும் கழுவறதுக்கும் நீங்களே ரெண்டு கேன் நல்ல தண்ணி வண்டியில ஏத்திட்டு போயிடுங்க.